வர்றேன் என்றால் வருவதா?

வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள் என்று அத்தை மகன் எழுந்து போன நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பிரான்சில் அவன் வீட்டுச் சோபாவில் அவன் மனைவி. இங்கே கோவில்பத்தில் அத்தை. நடுவே கைபேசித் திரை. அவளுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்குப் பிரெஞ்சு வராது. மொழிபெயர்க்கிறவன் போய்விட்டதால் இருவரும் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்தார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதற்கென்றே ஒரு கருவி வந்திருக்கிறதே, நேற்றுக்கூடப் பார்த்தேனே!

புதிதாக எந்தக் கருவி வந்தாலும் சொந்தக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள், வாங்கலாமா வேண்டாமா என்று. எனக்கென்று சில விதிகள் உண்டு. விளம்பரத்தில் 'புரட்சி' என்று வந்தால் ஒதுக்கிவிடுவேன். ஒரே வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று சொல்லும் பொருளை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். தீப்பெட்டி அளவில் இருந்த அந்த மொழிபெயர்ப்புப் பெட்டி இரண்டிலும் தேறியது, வாங்கிவிட்டேன். 'ரயில் நிலையம் எங்கே உள்ளது', 'இன்று வானிலை நன்றாக இருக்கிறது' என்றெல்லாம் அதனிடம் பேசிச் சோதித்தேன். ஒன்றிலும் பிசகவில்லை. எங்கள் வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை.

மருமகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் போய்க் கூட இருக்க அத்தைக்கு ஆசை. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த மாமா வழியில் அத்தைக்கு வந்த பிரெஞ்சுப் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது, போகத் தடையில்லை. ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது? மகனைக் கேட்டுப் பயனில்லை. அவன் இரண்டு பக்கத்துக்கும் சர்க்கரை தூவித்தான் சொல்வான்.

அடுத்த ஞாயிறு அவன் வேலைக்குப் போயிருந்தபோது பெட்டியைக் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். கால் வீங்கியிருக்கிறதா என்று அத்தை கேட்டாள். பெட்டி பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அந்தப் பெண் பாதத்தைத் தூக்கித் திரையில் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மனதுக்குள் பாராட்டு விமர்சனம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை கடைசியாக, "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க. நான் வர்றேன்" என்றாள்.

'போறேன்' என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பெட்டிக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். படபடவென்று பேசினாள். பெட்டி வானொலிச் செய்தி வாசிப்பதைப் போலச் சொன்னது: "மிகவும் மகிழ்ச்சி. எப்பொழுது வருகிறீர்கள்? நான் பயத்தில் இருந்தேன்."

அவள் கையசைத்தாள், அழைப்பு முடிந்தது. அத்தை என் பக்கம் திரும்பினாள். "நான் எங்கடி வர்றேன்னேன்?"

தவறு நடந்துவிட்டது, உடனே அத்தை மகனுக்குச் செய்தி அனுப்பிச் சரிசெய்துவிடலாம் என்று கைபேசியை எடுத்தேன். அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

"சும்மா இரு செத்த. அவ கூப்புடுறாளா, இல்ல இந்த டப்பா கூப்புடுதா?"

அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விமர்சனத்தை எழுதினேன், அழித்தேன், பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை போய் வந்து மறுபடி எழுதினேன். கருவி என்ன செய்யும் என்றுதான் என் விதிகள் எல்லாம் கேட்கின்றன. அது தப்புச் செய்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. மட்டமான போன் பாதியில் உறைந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இதுவோ சரியையும் தப்பையும் ஒரே இனிய குரலில் சொல்கிறது. தூக்கிப் போடலாம் என்றாலும் மனம் வரவில்லை. 'பயம்' என்ற சொல்லை இத்தனை மாதத்தில் மகன் ஒருமுறைகூடக் கொண்டுவந்து சேர்க்கவில்லையே.

நடுவில் மகன் கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை அவளிடமே பேசிக்கொள்கிறேன் என்று அத்தை வைத்துவிட்டாளாம். சனிக்கிழமை அத்தை வீட்டுக்கு ஓடினேன். பெட்டி சொல்லும் பிரெஞ்சைக் கைபேசியில் பதிந்து, அதையே பெட்டிக்குத் திரும்பக் கொடுத்தால் என்ன தமிழ் வருகிறது என்று பார்ப்போம் என்றேன். 'நான் வர்றேன்' போய், 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று திரும்பி வந்தது.

"அட பாவி, அந்தப் புள்ள அப்பவே வாசலப் பாத்திருக்கும்" என்று அத்தை சிரித்தாள்.

'வரட்டுமா' என்று கேட்டால் என்ன என்றேன். அதுவும் கிளம்பும்போது சொல்கிறதுதான் என்று அத்தையே தள்ளிவிட்டாள். ஒவ்வொன்றாகக் கழித்து, போய்த் திரும்பியும் உருமாறாத ஒரு வாக்கியத்தைப் பிடித்தோம்: 'குழந்தை பிறக்கும்போது நான் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீ விரும்புகிறாயா?'

"கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் மாரி இருக்கு" என்றாள் அத்தை. ஆனாலும் அடுப்படியில் அதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

நாளை மகன் வேலைக்குப் போனதும் அழைக்கப் போகிறோம். பதில் வரும்போது பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. ஆமாம் என்றால் அந்தப் பெண் தலையை ஆட்டினால் போதும். அதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லிவைப்பது என் பொறுப்பு. "நம்ம ஊரு மாரி ரெண்டு பக்கமும் ஆட்டாம, மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுடி" என்றாள். அந்த வாக்கியத்தைத்தான் இப்போது பிரெஞ்சுக்கு அனுப்பி, என்னவாகத் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.