கவசம் போட்டவருக்கு முன்னால் ஒரு வாங்கு

கோப்பன்ஹேகனில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் பதினொரு வருடங்களாகத் துப்புரவு வேலை செய்கிறேன். புறநகரான இஷொயிலிருந்து விடியற்கால ரயிலில் போய், சனத்துக்குக் கதவு திறக்குமுன் மேல்மாடி அறைகளைத் துடைத்து முடிக்க வேண்டும். அந்த அறைகளில் ஒன்றில்தான் அந்தப் படம் தொங்கியது. ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய ஜெர்மன் நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர், கழுத்திலிருந்து இடுப்புவரை கறுத்த இரும்புக் கவசத்தோடு நின்றார். மார்பு இரும்பில் ஒரு யன்னலின் பிம்பம் வளைந்து தெரிந்தது. ஓவியர் இருந்த அறையின் யன்னலாக இருக்கும்.

முதலில் அந்த மினுக்கம்தான் என்னை மறித்தது. பிறகுதான் கவனித்தேன், கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் எழுதியிருந்ததைக் கைபேசி அகராதியின் உதவியோடு வாசித்தேன். ஆள் துணி வியாபாரி, நகரசபை உறுப்பினர். சண்டைக்குப் போனதாக ஒரு வரியும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஊரில் சண்டை நடந்தபோது ஷெல்லடிக்குள் மாற்றுச் சட்டையும் இல்லாமல் ஓடி வந்தவள்.

வேலை முடிந்ததும் அவருக்கு முன்னால் இருந்த வாங்கில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். புதிய மேற்பார்வையாளர் வரும்வரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"இது பார்வையாளர்களுக்கான வாங்கு," என்றார் அவர், டேனிஷில்.

"நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

"வேலை உடுப்போடு இங்கே இருக்கக் கூடாது. பின்கதவால் போங்கள்."

"என் வேலை நேரம் முடிந்துவிட்டது," என்றேன். நான் எழும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் தந்தார்கள். நான் செய்தது பிழை, இனிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டுமாம். வீட்டில் கணவர் அதை வாசித்தார்.

"வைச்சுக் குடுத்திட்டு விடுமன். ஏன் வீண் பிரச்சினை?"

"நான் பிழை செய்யேல்லை. ஏன் வைக்க?"

கையெழுத்துக்கான இடத்தில் டேனிஷில் எழுதினேன்: 'நானும் இந்த நாட்டில் வரி கட்டுகிறேன். அந்த அறையில் எனக்கும் பங்குண்டு.' மகள் எட்டிப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது என்று டேனிஷில் சொன்னாள்.

"இருக்கட்டும். அவைக்கு விளங்கினால் காணும்."

கடிதத்தை அப்படியே கொடுத்த அடுத்த கிழமை என்னைக் கீழ்மாடி அலுவலகங்களுக்கு மாற்றினார்கள். அங்கே சுவரில் நாட்காட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்ச நாள் மனம் எரிந்தது. வேலையை விடவில்லை. விட்டால் அவர்களுக்குத்தானே வசதி.

இப்போது ஓய்வு நாட்களில் முன்வாசலால் போகிறேன். போன மாதம் என்னோடு வேலை செய்யும் சோமாலியப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலம் அதே வாங்கில் இருந்து படத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். மேற்பார்வையாளர் எங்களைக் கடந்து போனார். நின்று ஏதும் கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்: நாங்களும் பார்வையாளர்கள்தான்.