நீலமாக்கிய ஊருணி

ஷிரின் பானுவுக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் கதை தட்டுவாள். எல்லாம் வரப்போகும் காலத்துக் கதைகள். வெயில் கூடி, மழை தப்பிப்போன பிறகும் ஜனங்கள் கூடிநின்று பிழைத்துக்கொள்வார்கள். இப்படி எழுதுகிறவர்கள் சிவகிரி, புளியங்குடியிலிருந்தெல்லாம் வந்து மாதம் ஒரு ஞாயிறு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவார்கள். கூட்டத்தை நடத்தியவர் ஜாய்ஸ், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை. கதை நம்பிக்கையில் முடிய வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே விதி.

ஷிரின் தன் தெருவுக்குப் பின்னாலிருந்த ஊருணியைப் பற்றி எழுதினாள். கோழிக்கடைக் கழிவும் சாக்கடையும் அதில்தான் சேரும். அவள் கதையில் தெருப் பெண்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டு அதை மீட்கிறார்கள். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். குழுவின் முதல் தொகுப்புக்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள்.

அட்டைக்குப் படம் எடுக்க எல்லோரும் ஊருணிக்குப் போனார்கள். கறுத்த தண்ணீரில் கோழிக்குடல் உப்பி மிதந்தது. ஜாய்ஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். போட்டோகிராபர் பேச்சிராஜ் குனிந்து ஓங்கரித்தான்.

"இதையே போடுவோம் டீச்சர். இங்கனருந்துதான கதையே ஆரம்பிக்கு," என்றாள் ஷிரின்.

"புஸ்தகத்த யாரும்மா கையில தொடுவா? பேச்சிராஜ், தண்ணிய நீலமா மாத்திரு."

அவன் நீலமாக்கி, நாலு தாமரையும் வைத்தான். முதல் புத்தகம் என்ற ஆசையில் ஷிரின் பேசாமலிருந்துவிட்டாள்.

வெளியீட்டுக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டுப் பொன்செல்வி கடைக்கே வந்து கத்தினாள்.

"ஏட்டி ஷிரினு, முக்குல பிளக்ஸ் வச்சிருக்கத பாத்தியா? ஊருணியச் சுத்தம் பண்ணிட்டாவளாம்! எம்பிள்ள கொசு கடிச்சு காய்ச்சல்ல கெடக்கான்."

ஷிரின் ஓடிப் போய்ப் பார்த்தாள். அட்டைப் படமேதான். பக்கத்தில் கும்பிட்டபடி கவுன்சிலர். கீழே 'சொன்னதைச் செய்தோம்'. அங்கிருந்தே ஜாய்ஸுக்குப் போன் போட்டாள்.

"கவுன்சிலர் நம்ம புஸ்தகத்த மொத்தமா வாங்குதேன்னாரு, ஷிரின். படம் கேட்டாரு, கொடுத்தேன். இதுவும் ஒரு நம்பிக்கைதான?"

ஷிரினுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஊருணிக் கரையில்கூட அவளுக்கு அப்படி வந்ததில்லை.

விழாவில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். "கதை நான் எழுதுனது. அட்டையில இருக்கது பொய். ஊருணி நாறிப்போய்த்தான் கெடக்கு. வாங்க, இப்பவே காட்டுதேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. "தங்கச்சிக்கு எழுத்தாளர் கோவம்," என்று மேடையிலிருந்த கவுன்சிலர் சிரித்தார். கூட்டம் கைதட்டியது. அவள் கதைக்குக் கண்கலங்கினவர்களும் தட்டினார்கள். பின்வரிசையில் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது. தன் பிரதியை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பேச்சிராஜ் கடைக்கு வந்தான். "மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்பு கெடக்கட்டும். மாத்தாத படத்தப் பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டா."

அந்தப் படத்தைத் தெருப் பெண்கள் பிளக்ஸின் மேலேயே ஒட்டினார்கள். யாரோ கிழித்தார்கள். பெண்கள் திரும்பவும் ஒட்டினார்கள். கடைசியில் கவுன்சிலரின் ஆட்கள் பிளக்ஸையே கழற்றிக்கொண்டு போனார்கள். ஊருணியை மட்டும் யாரும் தொடவில்லை.

அதன்பிறகு ஷிரின் அந்த மாடிக்குப் போகவில்லை. எழுதுவதைப் பொன்செல்விக்குத்தான் வாசித்துக் காட்டுகிறாள். பிளக்ஸ் வைத்தவர்களைப் பற்றிய கதையைப் போன வாரம் வாசித்தபோது, பொன்செல்வி பாதியிலேயே நிறுத்தினாள்.

"ஏட்டி, இதுல அவனுவ ரொம்ப லேசா தப்பிச்சிருதானுவளே."

ஷிரின் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.