ஆவாரங்காட்டுக் குறுக்கு வழி

பெங்களூரு அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழி வெந்நீரில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் போட்டாள். "ஆவாரம்பூ டீ. ஸ்கின்னுக்கு நல்லதாம்" என்றாள். எட்டிப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள் தண்ணீர், காய்ந்த புல் வாடை. அவ்வளவுதான். ஆனால் எனக்கு உச்சந்தலை குளிர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு மூக்கில் தங்கும் ஞாபகம் எனக்கு மண்டையில் தங்கியிருக்கிறது போல.

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வெயிலில் நடக்கிறவர்கள் ஆவாரந்தழையை ஒடித்து உச்சியில் வைத்து, மேலே துணியைச் சுற்றிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று காலை பஸ் வரவில்லை. ரோட்டு வழி சுற்று. அம்மா குறுக்கே கல்லும் புதருமான கரட்டுக்குள் இறங்கிவிட்டாள். என் தலையில் தழையை வைத்து முடிச்சுப் போட்டாள்.

"வெயிலு மண்டைல ஏறுனா படிச்சதெல்லாம் ஆவியாப் பூடும்."

எங்கள் வீட்டில் பத்தாவது பரீட்சை வரை போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அப்போதே கொஞ்சம் அதிகம். அம்மாவுக்கு என்னைவிட அதிகம்.

"இதுதான் வழியாம்மா?"

"வாய மூடிக்கினு வா. இந்தக் கரட்டுல ஆடு மேச்சவ நானு."

ஆட்டுத் தடத்தையே பிடித்து விறுவிறுவென்று நடந்தாள். தடம் வளைந்து நெளிந்து வறண்டுபோன ஒரு குட்டையில் முடிந்தது. ஆட்டுத் தடம் தண்ணீருக்குத்தானே போகும்!

"ஆடு என்ன பரீட்சையா எழுதப் போச்சு?" என்று கத்தினேன். அழுகை முட்டியது. ஒரு வருடம் போய்விட்டால் அப்பா அடுத்த முறை எழுத விடமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மா பக்கத்திலிருந்த பெரிய பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நானும் தவழ்ந்து ஏறினேன்.

மேலே நின்றதும் அழ வந்ததை மறந்துபோனேன். அந்தப் பக்கச் சரிவு முழுக்க ஆவாரை. புல் கருகிவிட்டது, வேலிக் கிளுவையில் ஓர் இலை இல்லை, செம்மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த மண்ணிலிருந்து அத்தனை மஞ்சளும் எப்படி மேலே வந்தது? மழை பெய்து எத்தனையோ மாதம். யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடுகூட வாய் வைக்காத செடி. சரிவே ரீங்கரித்தது, அத்தனை தேனீ. கோயிலில் நிற்பதுபோல இருவரும் நின்றோம்.

"அடியாத்தி" என்றாள் அம்மா. அப்புறம் என் முகத்தைத் திருப்பி, "அங்க பாரு, உங்க பள்ளிக்கூடத்துத் தண்ணி டேங்கு!"

மஞ்சளுக்கு நடுவே நேராக இறங்கி ஓடினோம். கேட்டைச் சாத்தப் போன ஆசிரியை என்னைப் பார்த்து, "என்னாடி, தலையில தோட்டமே வச்சிருக்க?" என்று சிரித்து உள்ளே விட்டார். எழுதினேன். தேறினேன். அப்புறம் படித்ததெல்லாம் அந்த வாசலைத் தாண்டியதால்தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஸ்கூட்டியில் அந்தப் பக்கம் போனேன். பாறையைக் கல்லுக்காக அறுத்து எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் செங்குத்தான பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். சரிவெங்கும் வெள்ளைக் கல்தூள். விளிம்பில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அம்மாவும் நானும் நின்று வழி கண்ட இடம் அங்கே, வெறும் காற்றில், எங்கேயோ இருந்தது.