இளையவன்தான் முதலில் என்றீர்கள்

அந்த இரண்டு பேரையும் மேடையில் ஏற்றியது நீங்கள். வேறு யாரும் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவராக அன்றும் நீங்கள்தான் இருந்தீர்கள், இன்றும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஆறு வருடமாக இதை ஒருவரும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒருவன் ஒஸ்லோவில் பியோர்ண்டால் பகுதியில் இருந்தான். இருபத்திரண்டு வயது, கார் ரயர் மாற்றும் கடையில் வேலை. மற்றவன் ட்வெய்ட்டா பகுதியில் இருந்தான், ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவன், முதலாமவனைவிட பதினொரு மாதம் மூத்தவன். கால்பந்துப் போட்டி ஒன்றில் தொடங்கிய வாய்ச்சண்டை. பிறகு ஒரு கலியாண மண்டப வாசலில் ட்வெய்ட்டாக்காரன் அடித்ததில் பியோர்ண்டால்காரனின் முன்பல் உடைந்தது. அதற்குப் பிறகுதான் பியோர்ண்டால்காரன் ஒரு பிஸ்டல் வாங்கி வைத்திருக்கிறான் என்ற கதை வந்தது. ஒஸ்லோவில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் அந்தக் கதை இருந்தது. பொலிசுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவனுடைய தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தக் காலத்தில்தான் கொம்யூன, அதாவது நகரசபை, எங்கள் ஆட்களுக்கு ஒரு கூர்ஸ் தொடங்கியது. ஆயுதம் வைத்திருக்கிற இளைஞர்களோடு பேசி, அந்த ஆயுதத்தை அவர்களிடமிருந்து விலக்கப் பழக்குகிற பயிற்சி. ட்வெய்ட்டாவில், கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு அறை. ஒன்பது பேர் சேர்ந்தோம். நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். இப்போதும் அங்கேதான்.

படிப்பித்தவர் வடக்கு நோர்வேயிலிருந்து வந்த ஒரு பெண். அறுபது வயதிருக்கும். வாழ்நாள் முழுக்கத் தெருவில் இளைஞர்களோடு வேலை செய்தவர். முதல் நாளே சொன்னார்: “நல்ல மனதோடு வந்திருக்கிறீர்கள், சரி. இனி வேலையைப் படியுங்கள்.” குழாய் வேலைக்கும் மின்சார வேலைக்கும் படிப்பு இருப்பதுபோல் இதற்கும் இருக்கிறது என்றார். எங்களுக்கு அது விளங்கவில்லை. பெடியளோடு கதைப்பதற்கு என்ன படிப்பு என்றுதான் நினைத்தோம்.

அவர் ஒரு கேள்வியைப் பழக்கினார். முகத்தைப் பார்த்து, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: உன்னிடம் துப்பாக்கி இருக்கிறதா? இப்போது அது உன் கைக்கு எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறது?

எங்களில் ஒருவராலும் அதைக் கேட்க முடியவில்லை. டாக்ஸி ஓட்டுகிற ஒரு அண்ணை நடித்துக் காட்ட எழும்பினார். எதிரே இளைஞனாக நடிக்க இருந்தவர் ஒரு அக்கா.

“தம்பி, சாப்பிட்டீரோ? அப்பா சுகமோ? நீங்கள் ஊரிலை எவடம்?” என்றார் அண்ணை.

“அண்ணை, நீங்கள் கேட்டு முடிக்கிறதுக்குள்ளை நான் சுட்டுப்போட்டு வீட்டை போய்ப் படுத்திடுவன்” என்றார் அக்கா.

விழுந்து விழுந்து சிரித்தோம். படிப்பித்த அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அவரும் சிரித்தார். பிறகு, “இன்னொரு தடவை” என்றார். அப்படிப் பன்னிரண்டு தடவை செய்ய வைத்தார். கடைசியில் அந்த டாக்ஸி அண்ணைக்குக் கேள்வி வாயில் வந்தது.

வேறும் பழக்கினார். ஒருவன் சொன்னதை மற்றவனிடம் உன் சொற்களைச் சேர்த்துக் கொண்டுபோகாதே. அவர்களாகக் கேட்கும்வரை கைகுலுக்க வைக்காதே. பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் சமாதானம் செய்யாதே. இதை அவர் பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

ஒன்பது பேரில் நாலு பேர்தான் முடித்தோம். இரண்டு பேருக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை. ஒருவரை மனைவி விடவில்லை. ஒருவர், இந்தப் பெடியளோடு தன்னைக் கண்டால் மகளுக்கு மாப்பிள்ளை வராது என்று நின்றுவிட்டார். மற்றவர் காரணமே சொல்லவில்லை.

பியோர்ண்டால்காரன் என் பொறுப்பில் வந்தான். கடையில் அவனுக்கு மதிய இடைவேளை அரை மணி நேரம். நான் ரொட்டி கட்டிக்கொண்டு போவேன். என் காரில் இருந்து சாப்பிடுவோம். மூன்றாவது சந்திப்பில் கேட்டேன்.

“இருக்கோ?”

“ஓம்.”

“எத்தினை நிமிசம்?”

அவன் சிரித்தான். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பான், உடைந்த பல் தெரியாமல். “அக்கா, நீங்கள் உண்மையாவே ஒரு மாதிரியான ஆள். இரண்டு நிமிசம். அந்த ஜாக்கெட்டுக்குள்ளை.”

ஜாக்கெட் கடைக்குள் கொளுவியிருந்தது. படித்ததைச் செய்தேன். புத்தி சொல்லவில்லை. அடுத்த கிழமைக்குள் அதைப் பத்து நிமிடத் தூரத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று மட்டும் கேட்டேன். வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோனான். பிறகு ஒரு கூட்டாளியின் வீட்டுக்கு, நாற்பது நிமிடம். பிறகு டிராமன் நகரில் இன்னொருவனிடம், ரயிலும் நடையுமாக ஒன்றரை மணி நேரம். கோபம் வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் ரயிலில் இருந்தால் பாதிப் பேர் இடையில் இறங்கிவிடுவார்கள் என்று படிப்பித்த அம்மா சொல்வார். பதிவில்லாத ஆயுதத்தைப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தால் தண்டனை இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்த காலம் அது. “அக்கா, நீங்களும் வாறதெண்டால் போய்க் குடுப்பம்” என்று அவனே சொன்னான். ட்வெய்ட்டாக்காரனோடு டாக்ஸி அண்ணை பேசிக்கொண்டிருந்தார். அங்கேயும் சூடு தணிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் உங்களிடம் வந்தேன். எங்கள் வேலையை உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று சங்கத்தில் ஏற்பாடு. பெடியள் இரண்டு பேரும் ஆறியிருக்கிறார்கள் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

“நல்ல விசயம். அடுத்த மாசம் ஆண்டு விழா. கொம்யூன ஆக்களும் வருவினம். மேடையிலை ரெண்டு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்காள் பொன்னாடை போர்க்க வைப்பம். சனம் பாக்கட்டும்.”

“அண்ணை, ஆக்களுக்கு முன்னாலை செய்யக்கூடாதெண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது.”

“அது வெள்ளைக்காரரின்ரை முறை. எங்கடை ஆக்களுக்கு எங்கடை முறை. சபையிலை சொன்னாத்தான் பிள்ளை, கட்டுப்படுவினம்.”

நான் இன்னும் ஒரு தடவை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உங்களுக்குப் பயந்து அல்ல. இதைச் சாத்தியமாக்கியவர் என்று மேடையில் என்னையும் குறிப்பிடுவதாகச் சொன்னீர்கள். எனக்கு ஆசை வந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவளை ஒரு மண்டபம் முழுக்கப் பார்க்கட்டும் என்று ஆசை. அவனிடம் போய், “ஒரு அஞ்சு நிமிசம்தான், வாரும்” என்று கூப்பிட்டது நான்தான்.

விழாவில் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். வழிதவறிய இரண்டு பிள்ளைகளைச் சங்கம் திருத்தியிருக்கிறது என்றீர்கள். கலியாண மண்டபத்தில் நடந்த அடிபிடியை, பல் உடைந்ததை, எல்லாவற்றையும் அறுநூறு பேருக்கு முன்னால் விவரித்தீர்கள். தகப்பன்மாரின் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தீர்கள். பிறகு, “இளையவன்தான் முதலிலை. வயசுக்கு மரியாதை குடுத்து அண்ணனிட்டை மன்னிப்புக் கேளும், தம்பி” என்றீர்கள்.

பதினொரு மாதம். பல் உடைந்தவன், உடைத்தவனிடம் மன்னிப்புக் கேட்டான். பொன்னாடையைப் போர்த்தினான். சபை கை தட்டியது. வீடியோக்காரர் வெளிச்சத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “தம்பி, இன்னொருக்காப் போருங்கோ, சரியா விழேல்லை. இஞ்சை பாத்துச் சிரியுங்கோ” என்றார். அவன் இரண்டாவது தடவையும் போர்த்தினான். கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சிரித்தான். முன்வரிசையில் யாரோ, “ஓட்டைப் பல்லன்” என்றார்கள். அந்த வரிசை சிரித்தது.

ட்வெய்ட்டாக்காரனும் அங்கே நிற்க விரும்பவில்லை. அதை நான் பார்த்தேன். பொன்னாடைக்குள் அவனுடைய தோள் குறுகிப்போயிருந்தது. தன்னுடைய முறை வந்தபோது மற்றவனின் காதில் ஏதோ சொன்னான். மன்னிப்புத்தான் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன். கைதட்டலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவனுக்கும் கேட்டதோ தெரியாது.

வெளியே, ஜாக்கெட் கொளுவுகிற இடத்தில் பியோர்ண்டால்காரனைப் பிடித்தேன்.

“தம்பி, கோபமோ?”

“நீங்களும் கை தட்டினியள் அக்கா.”

“அது இப்ப எத்தினை நிமிசம்?”

“இனி அதைக் கேக்காதேங்கோ.”

பதில் வராவிட்டால் அன்றைக்கே படிப்பித்த அம்மாவுக்கு அறிவிக்க வேண்டும். அதுவும் படித்ததுதான். நான் அறிவிக்கவில்லை. அடுத்த நாள் எனக்குக் காலை வேலை. அதற்கு அடுத்த நாளும். ஆறிவிடுவான் என்று இருந்தேன். சங்கம் அந்த வீடியோவை டிவிடியில் பதிந்து வீடு வீடாகக் கொடுத்தது. அவன் வேலை செய்த கடைக்கு ரயர் மாற்றப் போன எங்கள் ஆட்கள் சிலர் அவனைக் கண்டதும் தோளில் பொன்னாடை போடுவதுபோல் காட்டிச் சிரித்தார்களாம். இது வழக்கில் வந்தது.

ஒன்பதாம் நாள் பின்னேரம், ட்வெய்ட்டாவில் கார் நிறுத்துமிடத்தில், அவன் சுட்டான். மற்றவன் இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்து செத்துப்போனான். டிராமனுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறான். ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. இடையில் அவன் இறங்கவில்லை.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பயணம்தான். டிராமன் ரயிலில் நான் இன்றுவரை ஏறவில்லை. ஆனால் தினமும் அதில் இருக்கிறேன். அவனுக்கு எதிர் இருக்கையில் இருக்கிறேன். கேள்வி வாயில் நிற்கிறது, வெளியே வரவில்லை. அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதியோர் இல்லத்தில் பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடிக் கை தட்டுவார்கள். நான் குளிரறைக்குள் போய் நின்றுகொள்வேன். சில நேரம் அங்கே பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் செத்தவன் நிற்பான், தோளைக் குறுக்கிக்கொண்டு. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வெளியே வரும்போது கதவை உடனே சாத்தமாட்டேன்.

செத்தவனின் தாயைப் போன வருடம் கோயில் வாசலில் கண்டேன். அவராகவே கிட்ட வந்தார்.

“நீங்கள்தானே அந்தக் கூர்ஸ் படிச்சவ?”

“ஓம் அக்கா.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, இப்பிடி வருமெண்டு.”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஓம். தெரியும்” என்றேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். “தலைவரும் தெரிஞ்சோ செய்தவர்?” என்று மட்டும் கேட்டார். செய்யக்கூடாதென்று அவருக்கும் சொன்னேன் என்றேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சுட்டவன் அவன். அதற்கு அவன் சிறையில் இருக்கிறான். நான் கேட்பது வேறு. அந்தச் சாவுக்குப் பிறகு நீங்கள் கொம்யூனவிடம் சொல்லி கூர்ஸை நிற்பாட்டினீர்கள், எங்கள் சமூகத்துக்குக் கெட்ட பெயர் என்று. படித்த நாலு பேரும் சிதறிப்போனோம். ஒருவர் ஸ்தவாங்கர் நகருக்குப் போனார். டாக்ஸி அண்ணை இப்போது தமிழர் வீட்டுக் கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை. அந்த வேலை தெரிந்த ஆட்களை உருவாக்க ஒரு வருடம் எடுத்தது. அந்த அனுபவத்தில் ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை.

இப்போது அதே வேலைக்குப் புதிதாக ஏழு பேரைச் சேர்க்கிறீர்கள். சுற்றறிக்கை எனக்கும் வந்தது. அதில், “பிணக்குகள் சபை முன்னிலையில் சுமுகமாகத் தீர்த்துவைக்கப்படும்” என்று இருக்கிறது. என்னை வந்து புதியவர்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லியும் இருக்கிறது. பெடியள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். இந்த ஏழு பேரும் யாரோ ஒருவனை ஒன்றரை மணி நேரத் தூரம்வரை கொண்டுபோவார்கள். பிறகு நீங்கள் அவனைச் சபைக்குக் கூப்பிடுவீர்கள்.

வாழ்த்துச் சொல்ல நான் வரமாட்டேன். இந்த மாதக் கடைசியில் பொதுக்கூட்டம் இருக்கிறது. அதற்கு வருவேன். செத்தவனின் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சொல்ல வேண்டியதை நான் முதலில் எழும்பிச் சொல்லுவேன், கூப்பிட்டதையும், கை தட்டியதையும், அறிவிக்காமல் இருந்ததையும். பிறகு நீங்கள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் ஏன் செய்தீர்கள்? அடி வாங்கியவனை ஏன் மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள்? சுற்றறிக்கையில் உள்ள அந்த வரியை எடுக்கிறீர்களா, இல்லையா? எனக்கு டெலிபோன் எடுக்க வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அத்தனை பேருக்கும் கேட்க, அந்தத் தாயைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.