ஆம்பூரில் ஏழு வசனங்கள்

ஞாயிறு காலை 6.20. காவேரிப்பாக்கத்தில் பஸ் ஏறினேன். வேலூருக்கு 40 கி.மீ., அங்கே மாறி ஆம்பூருக்கு 50. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 85 ரூபாய்.

எங்கள் பள்ளிவாசல் இமாம் பத்து நாள் சொந்த ஊருக்குப் போகிறார். அவர் இல்லாத நாட்களில் பதினோரு வருடமாக நான்தான் தொழ வைக்கிறேன். இந்த முறை அன்று மாலை மக்ரிப் தொழுகையிலிருந்து தொடக்கம். போன வாரம் என் ஓதலைக் கைபேசிப் பதிவில் கேட்டதிலிருந்து, சரியாக ஓதுகிறேனா என்று மனம் நிலைகொள்ளவில்லை. என் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

9.05. ஆம்பூர். பாலாற்று மணல்மேல் பனி இன்னும் கலையவில்லை. தொழிற்சாலைகளுக்கு விடுமுறை, தோல் வாசனை மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

குர்ஆன் ஓதப் பழகும் வகுப்பு ஒரு மாடி அறையில். எட்டுப் பேர், எல்லோரும் தோல் தொழிலாளிகள், ஒரே ஒலியை ஆளுக்கொரு மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படியேறும்போது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. ஆசிரியர் இர்ஷாத்துக்கு முப்பது வயதிருக்கும். வாரநாட்களில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார்.

ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் அல்ஃபாத்திஹா அத்தியாயத்தை, அதன் ஏழு வசனங்களையும் ஒரே மூச்சில் ஓதிக் காட்டினேன்.

"இன்னா பாய், பஸ் கெளம்பிடுச்சா?" என்றார் இர்ஷாத். அறை சிரித்தது.

என் விரலை எடுத்து என் தொண்டையிலேயே வைத்தார். "தோல்ல கண்ணு விட்ட கொறைய வெரலு புடிச்சிடும். 'ஹம்து' சொல்லுங்க. நடுத்தொண்டை அசையணும்."

சொன்னேன். விரலுக்கடியில் ஒன்றும் அசையவில்லை.

"பேஜார் ஆவாதீங்க. நான் இதுலயே நாலு மாசம் குந்திக்கினு இருந்தேன்" என்றார் பக்கத்திலிருந்த, தோல் பதனிடும் டேனரிக்காரர்.

11.40. ஏழு வசனங்களில் மூன்றைத்தான் கடந்திருந்தோம். கேட்க வந்ததைக் கேட்டேன்: "இன்னிக்கு மக்ரிபுக்கு நான் முன்னாடி நிக்கலாமா?"

இர்ஷாத் திருப்பிக் கேட்டார்: "உங்களவிட நல்லா ஓதுறவங்க ஊர்ல இருக்காங்களா?"

"டெய்லர் காதர் இருக்காரு. கூச்சப்படுவாரு."

"அவர நிறுத்துங்க. நீங்க பின்னாடி நின்னு கேளுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

திரும்பும் பஸ்ஸில் வேலூர் வரை தொண்டையில் விரலை வைத்தபடி உதடசைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் மலைகள் மெதுவாக நகர்ந்தன. "தொண்டை வலியா சார்?" என்றார் கண்டக்டர். தலையாட்டினேன்.

மாலை, பள்ளிவாசல். வழக்கம்போல் எனக்கு வழிவிட்டார்கள். நான் காதரின் கையைப் பிடித்து முன்னே நகர்த்தினேன்.

"இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா?" என்றார் காதர்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. ஓதல்தான் சரியில்ல. கத்துக்கினு இருக்கேன்."

காதர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். முதல் வசனம் முடிந்ததும் நிறுத்தி மூச்செடுத்தார். அந்த அமைதியில், என் பக்கத்தில் நின்றவர்களும் மூச்செடுப்பது கேட்டது. பதினோரு வருடமாக அதற்கு நான் இடம் விட்டதே இல்லை.