பிரிட்ஜ்டவுனில் தொலைந்த துணிப்பை

முப்பது வருடங்களுக்கு முன் வேறொரு பெண்ணின் பாஸ்போர்ட்டில் லண்டன் வந்து இறங்கியவள் நான். அதிகாரி படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த அந்த நிமிடம் இன்னும் என் வயிற்றுக்குள் கிடக்கிறது. பிறகு குடியுரிமை கிடைத்தது, லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் வீடு வாங்கினோம், பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. ஆனாலும் என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் நான் ஒருநாளும் படுத்ததில்லை.

எங்கள் கலியாண நாளுக்கென்று மகள் கரீபியன் கப்பல் பயணம் ஒன்றைப் பதிந்து தந்தாள். கப்பல் பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் இருந்து பின்னேரம் புறப்படும். காலையில் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறலாம் என்று என் கணவர் திட்டம் போட்டார். முதல்நாள் இரவு தங்கிய விடுதியின் பெட்டகத்தை நம்பாமல், இருவரின் பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறினேன். பாட்டு காதைப் பிளந்தது. இறங்கி, பாலத்தைக் கடந்து, படகுத்துறையையும் நாடாளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்தோம். யூதர்களின் பழைய தொழுகைக்கூட வாசலில் படம் எடுக்க என்னை நிற்கச் சொன்னார். அப்போதுதான் கையைப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, பையைக் காணேல்லை."

வந்த வழியே ஓடினோம். பாலத்தில் இல்லை, படகுத்துறையில் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கிலும் இல்லை. அந்த அழகான பழைய கட்டடங்கள் எல்லாம் என் கண்ணுக்கு வெறும் சுவர்களாகத் தெரிந்தன. பொலிஸ் நிலையத்தின் முதல் படிக்கு மேல் என்னால் ஏற முடியவில்லை. கப்பல் போய்விடுமே என்றார் கணவர்.

"கப்பல் போனாப் போகட்டும். பாஸ்போர்ட் இல்லாட்டி நான் ஆர் எண்டு ஆருக்குச் சொல்லுறது?"

அவர் என்னைப் படியோரமாக நிறுத்தினார். "நீர் உதிலேயே நில்லும். நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

உள்ளே இருந்த பொலிஸ்காரி முறைப்பாட்டை எழுதிவிட்டு, முதலில் மினிபஸ் தரிப்பிடத்தில் போய்க் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அங்கே எல்லா வண்டிகளும் ஒரே மஞ்சள் நிறம். எங்கள் வண்டியின் இலக்கம் இருவருக்கும் நினைவில்லை. வந்து நின்ற ஒவ்வொன்றிலும் தலையை நீட்டிக் கேட்டோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு வண்டியின் சாரதி நாங்கள் கேட்குமுன்பே என்னைக் கண்டு ஹோர்ன் அடித்தார். ஆசனத்தின் கீழிருந்து பையை எடுத்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து இந்த முகத்தைத்தான் தெருவெல்லாம் தேடுகிறேன், அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு நன்றிகூடச் சொல்ல வரவில்லை. அழுதேன். பயணிகள் அவசரப்படுத்த, அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசி ஆட்களாகக் கப்பலில் ஏறினோம். ஏழு நாளும் பையைக் கழுத்தில் கட்டிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். வேறு தீவுகளில் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டேன். கணவர் தனியே போய் வந்து கதை சொன்னார்.

திரும்பி பிரிட்ஜ்டவுனுக்கு வந்தபோது விமானத்துக்கு அரைநாள் இருந்தது. துறைமுகக் கதிரையிலேயே இருக்கப் பார்த்தேன்.

"நீர் இந்த ஊரைப் பாக்கேல்லை. வாரும்" என்று கையைப் பிடித்து எழுப்பினார்.

ஊரில் கறி வைக்கும் ஈரப்பலாக்காயைச் சந்தையில் கண்டு, கையில் எடுத்துப் பார்த்தேன். தரிப்பிடத்தில் அந்தச் சாரதியைத் தேடினோம். அன்று அவருக்கு விடுமுறையாம். பை கிடைத்த செய்தியைப் பொலிஸுக்கும் சொல்லவேண்டும் என்றார் கணவர். தானே போவதாகத்தான் சொன்னார். நான் ஏனோ முன்னால் நடந்தேன். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மேசையில் இருந்த பொலிஸ்காரர் பேனையை எடுத்துக்கொண்டு முழுப்பெயரைக் கேட்டார். என் சொந்தப் பெயரைச் சொன்னேன். அவருக்கு அதை எழுத வரவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன்.