ஒரு பேட்ச் முடியட்டும் என்றேன்

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. மாரண்டஹள்ளிக்கு மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் மல்பெரி, ஓடு போட்ட ஒரு புழு வீடு. பட்டுப்புழு வளர்த்துக் கூடு விற்பதுதான் பிழைப்பு. வளர்த்தது பெரும்பாலும் என் மனைவி. சந்தைக்குக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கியது நான்.

புழு பெருத்து இரவும் பகலும் தின்கிற கடைசி வாரத்தில் அவளுக்குத் தூக்கமே கிடையாது. சோற்றுக்குப் பதில் டீ. அந்த வாரம் பார்த்துத்தான், "நெஞ்சுக்குள்ள கோழி றெக்க அடிச்சுக்கற மாதிரி இருக்குதுங்க" என்பாள். கூடு விற்று நாலு நாள் தூங்கினால் அடங்கிவிடும். வேலைக்குப் பயந்து பசப்புகிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை புழுத் தட்டோடு மயங்கி விழுந்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருக்கிறது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. தூக்கம் கெட்டால், டீ அதிகமானால் இன்னும் தப்பும். கரண்ட் வைத்து நேராக்கலாம், ஆனால் இந்த வால்வோடு அது நிலைக்காது. வால்வுக்கு ஆபரேஷன் பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு ரத்தம் உள்ளே கட்டிவிடாமல் இருக்க மாத்திரை.

"ஒரு நாளும் விடக்கூடாதுங்க. கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துரும். மாத்திரை சாப்பிடறப்ப சின்னக் காயம்கூட லேசுல நிக்காது. கத்தி, அருவா வேலைய வேற யாராவது பாத்துக்கங்க."

தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

அடுத்த பேட்ச் புழு வந்தது. குஞ்சுப் புழுவுக்கு இலையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட வேண்டும். அவள் கை ராசியான கை, நான் கத்தியைத் தொட்டால் புழுவுக்கு நோய் விழும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். எனக்கு அது வசதியான நம்பிக்கை. மூன்றாம் நாள் அவள் விரலை வெட்டிக்கொண்டாள். ரத்தம் நிற்கவில்லை, இலையெல்லாம் சிவப்பு. டிஞ்சர் வாசனை புழுவுக்கு ஆகாது என்று அதைக்கூடப் போட விடவில்லை. துணியைச் சுற்றிவிட்டேன்.

"இந்த பேட்ச் முடியற வரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்திக்க."

"டாக்டர் உடக்கூடாதுன்னாருங்களே?"

"டாக்டரா வந்து எல நறுக்குவாரு?"

மறுநாளிலிருந்து அவள் மாத்திரை போடவில்லை. விரல் ஆறியது. டாக்டருக்கே தெரியாத வைத்தியத்தைக் கண்டுபிடித்ததுபோல நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

புழு கட்டிய கூட்டைத் தட்டியிலிருந்து பிரித்தெடுக்கும் நாள் காலையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் வலது கையிலிருந்து ஒரு கூடு நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. "என்ன, தூங்கி விழறியா?" என்று அதட்டினேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

சேலத்தில் அதே டாக்டர். மாத்திரையை நிறுத்திய கதையைக் கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை. "அந்த எலைய நீங்க நறுக்கியிருக்கலாமேங்க" என்றார், அவ்வளவுதான். அது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் வலது கைக்கு உயிர் திரும்பவே இல்லை. அடுத்த பேட்சுக்கு நானே நறுக்கினேன். வேளைக்கு அரை மணி நேரம் பிடித்தது. எந்த நோயும் விழவில்லை, கூடு நன்றாகவே விளைந்தது. கூடையைக் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினேன். இடது கையால் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான நறுக்கியிருக்கறீங்க" என்றாள், குழறிக் குழறி.

மாத்திரையா கத்தியா என்று அன்று பெரிதாக யோசித்து முடிவெடுத்ததாக நினைத்தேனே, உண்மையில் அவள் உயிருக்கு எதிரே நான் வைத்துப் பார்த்தது என்னுடைய அரை மணி நேரத்தைத்தான்.